துணி ஏன் காயவில்லை?

'ரெண்டு மணி நேரமா ஓடுது... துணி இன்னும் ஈரமாவே இருக்கே!'

டிரையர் வாங்கிய வீடுகளில் சில மாதங்களில் கேட்கும் குரல் இது. மெஷினில் சூடு குறைந்துவிட்டது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். விவரம் தெரிந்த மெக்கானிக்கோ முதலில் ஃபில்டரை உருவி எடுப்பார். ஒரு தலையணையே தைக்கலாம் போல அதில் பஞ்சு அடைந்திருக்கும்! அடுத்து, ஈரக்காற்று வெளியேறும் குழாய் சுவரோரம் நசுங்கியிருக்கிறதா? டிரம்மில் துணியைத் திணித்துவிட்டார்களா? சரியாகப் பிழியாமலே போட்டார்களா? ஹீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பார். சூடு, தண்ணீரை ஆவியாக்கும், அவ்வளவுதான். அந்த ஆவியைச் சுமந்துகொண்டு வெளியே போகக் காற்று வேண்டும். காற்று நகராவிட்டால் துணி வேகுமே தவிர, காயாது!

1800 வாக்கில் பிரான்ஸில் போஷோன் என்பவர் ஒரு கருவி செய்தார். துளை போட்ட உலோக உருளை, சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி, கீழே நெருப்பு. துணி காய்ந்தது. கூடவே புகை நாற்றமும் ஏறியது! 1938-ல்தான் அமெரிக்காவில் ஜே.ராஸ் மூர் வடிவமைத்த தானியங்கி டிரையரை ஹாமில்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயர் 'ஜூன் டே'. வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் ஜூன் மாத வெயிலாம். (நம் ஊரில் விற்றிருந்தால் 'அக்னி நட்சத்திரம்' என்று வைத்திருப்பார்கள்!)

போஷோனுக்கு வெகுகாலம் முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் காலூன்றிய புதுச்சேரியில், துணி காய்வது என்பது ஒரு பெரிய வியாபாரத்தின் உயிர்நாடியாக இருந்தது. டூப்ளே கவர்னராக இருந்தபோது, 1749 வாக்கில், சந்தா சாகிப்பின் தயவில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. நிலவரி ஒரு லாபம். ஆனால், கம்பெனிக்காரர்களின் கண்ணெல்லாம் துணி மேல்தான். அதிலும் நீலத்துணி. ஆப்பிரிக்காவின் கினியாக் கரைக்குப் போனதால் அதற்கு 'கினே' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த நீலம் எப்படி வந்தது? அவுரி இலையை ஊறவைத்து, அடித்து, கட்டியாக்குவார்கள். அந்த நீலக்கட்டியைத் தாழியில் கரைத்து, சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைப்பார்கள். அதில் முக்கி எடுத்த துணி நீலமாக இருக்காது. மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். வெளியே எடுத்து விரித்தால்... காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும்! கரும் நீலம் வேண்டுமென்றால் மறுபடி முக்கி, மறுபடி காற்றாட விட வேண்டும். நிறம் பிடித்த பிறகு அலசி, உலர்த்த வேண்டும். நீலமாவதற்கும் காற்றுதான், காய்வதற்கும் காற்றுதான்.

இங்கேதான் சிக்கல். அன்று புதுச்சேரியில் கப்பல் ஒதுங்கிப் பத்திரமாக நிற்கத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில்தான் நங்கூரம். வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருவதற்குள், அக்டோபர் நடுவிலாவது கிளம்பிவிட வேண்டும். ஐப்பசியில் பாகூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏரி ததும்பும், வயலெல்லாம் தண்ணீர் நிற்கும். காற்றே ஈரத்தைக் குடித்து வயிறு நிறைந்து கிடக்கும்போது கொடியில் தொங்கும் வேட்டியின் ஈரத்தை எங்கே குடிக்கும்? ஒரு கினேயோ சுமார் 15 மீட்டர் நீளம். அரை ஈரத்தோடு பொதி கட்டினால், மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் கிடந்து பூஞ்சை பிடிக்கும். கப்பலைத் தவறவிட்டாலோ போட்ட முதல் முடங்கும்!

இந்தத் துணி எதற்குப் போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். 18-ம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணி முக்கியமானது. கினேயும் அதில் அடக்கம். தாழியில் கைவிட்டு நின்ற சாயக்காரருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

19-ம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் அதே துணி வேறு வேலை பார்த்தது. பாலைவனத்து மூர்கள் வேலம்பிசினைக் கொண்டுவந்து கொடுத்து, கினேயை வாங்கிப் போனார்கள். அங்கே அது துணி மட்டுமல்ல, பணம்! இத்தனை பிசினுக்கு இத்தனை கினே என்றுதான் கணக்கு. அந்தப் பிசின் ஐரோப்பிய ஆலைகளில் துணிக்குப் பூ அச்சிடும் சாயக்குழம்பைக் கெட்டியாக்கப் போனது. துணி கொடுத்துப் பிசின், பிசின் கொண்டு துணி! ஐரோப்பிய ஆலைகள் போலி கினேக்களையும் இறக்கிப் பார்த்தன. மூர்கள் லேசில் ஏமாறவில்லை. நிறம், பளபளப்பு, வாசனை எல்லாம் புதுச்சேரிச் சரக்கு போலவே இருக்க வேண்டும் என்றார்கள். கடைசியில், 1843-ல், கினேயின் தரத்துக்கென்றே பிரெஞ்சு அரசு ஆணை போட வேண்டியதாயிற்று.

1820-களின் கடைசியிலேயே முதலியார்பேட்டையில் ஆலை வந்துவிட்டது. அவுரிக்கு அடி விழுந்தது 1897-ல். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தையில் இறக்கியது. தென்னார்க்காட்டில் பச்சைப்பசேலென்று கிடந்த அவுரிக் கொல்லைகள் வேகமாகச் சுருங்கின.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் செயற்கை நீலமும் தாழியிலிருந்து நீலமாக வருவதில்லை. இன்றைக்கு ஜீன்ஸுக்கு நூல் சாயமேற்றும் ஆலைகளில், தொட்டியில் முக்கிய நூலை உயரத்தில் உருளைகள் மேல் ஏற்றி இறக்கிக் காற்றாட விடுகிறார்கள். மறுபடி முக்கி, மறுபடி மேலே. அந்த வேலைக்கு ஆலைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்கையிங்'. நூலுக்கு வானம் காட்டுகிறார்களாம்!