கந்தீசா (பாடல்)

கந்தீசா என்பது தில்லியைச் சேர்ந்த இந்தியன் ஓஷன் இசைக்குழு, 2000ஆம் ஆண்டில் இதே பெயருடைய இசைத்தொகுப்பில் வெளியிட்ட ராக் பாடல் ஆகும். இதன் சொற்கள் அரமேய மொழியின் கிளைமொழியாகிய சிரியாக்கைச் சேர்ந்தவை. கேரளத்தின் தோமா கிறித்தவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் வழிபாட்டில் பாடிவந்த ஒரு மன்றாட்டே இப்பாடலுக்கு அடிப்படையாகும். கேரளத்தை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டத்திலும் இம்மன்றாட்டின் இரு மரபுகள் வழங்கிவருகின்றன. வழிபாட்டில் தாய்மொழி இடம்பெற்றபின் அரிதாகிப்போன பழஞ்சொல் ஒன்று, மின்கித்தாரின் துணையோடு மீண்டும் பரவலாக அறியப்பட்டது என்பதே இப்பாடலின் சிறப்பு.

பெயர்

"கந்தீசா" என்ற சொல்லுக்குத் தூயவர் என்பது பொருள். சிரியாக்கில் இதன் வடிவம் "கத்தீசா" என்பதாகும். கேரள மரபில் இரட்டித்த தகரத்தின் முன்பகுதி நகர மெய்யாக மாறி, "கந்தீசா" என்று ஒலிக்கிறது. எபிரேயத்தில் "கதோஷ்", அரபியில் "குத்தூஸ்" ஆகியனவும் இதே வேரிலிருந்து பிறந்தவை. எருசலேம் நகருக்குத் தமிழ் முசுலிம்கள் வழங்கும் "பைத்துல் முகத்தஸ்" என்ற பெயரிலும் இவ்வேர் உள்ளது. பாடலில் வரும் "அலாகா" என்ற சொல் இறைவனைக் குறிக்கும். இது "அல்லாஹ்" என்ற அரபுச் சொல்லுக்கு உறவானது.

மன்றாட்டின் தோற்றம்

இறைவனைத் தூயவர், வல்லவர், இறப்பில்லாதவர் என மூன்று முறை போற்றி இரக்கம் வேண்டும் இம்மன்றாட்டு, கிரேக்கத்தில் திரிசாகியோன் எனப்படுகிறது. கான்ஸ்டண்டினோபிளில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, ஒரு சிறுவன் வானில் இதைக் கேட்டு வந்து மக்களுக்குச் சொன்னதாக மரபுக்கதை கூறுகிறது. அந்நகரின் ஆயராகப் புரோக்லஸ் இருந்த காலத்தில் (434-446) இது நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. வரலாற்றுப் பதிவில், 451ஆம் ஆண்டு நடந்த கால்செதோன் பொதுச்சங்கத்தில் இது முழங்கப்பட்டதாக அறிகிறோம்.

ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தை பீட்டர் இதனோடு சிலுவைச் சாவைக் குறிக்கும் ஒரு தொடரைச் சேர்த்தார். மன்றாட்டு மூவொரு கடவுளை நோக்கியதா, இயேசுவை மட்டும் நோக்கியதா என்ற வழக்கு இதனால் எழுந்தது. மேற்குச் சிரிய மரபினர் இத்தொடரை ஏற்றனர். பாரசீகத்தையும் மெசபத்தோமியாவையும் சார்ந்த கிழக்குச் சிரிய மரபினர் ஏற்கவில்லை.

இந்தியாவில்

தோமா கிறித்தவர்களுக்குப் பழங்காலத்தில் ஆயர்கள் மெசபத்தோமியாவிலிருந்து வந்தனர். ஆகவே அவர்களது வழிபாட்டு மொழி கிழக்குச் சிரியாக்காக இருந்தது. வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் 849ஆம் ஆண்டில் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அது கொல்லத்தில் சபீர் ஈசோ நிறுவிய பள்ளிக்கு உரிமைகளை அளிக்கிறது. பிற்கால மரபு இவரை மார் சபோர் என்ற பெயரால் போற்றியது. மார் சபோரும் அவருடைய தோழர் மார் புரோத்தும் "கந்தீசங்கள்", அதாவது தூயவர்கள், என்று அழைக்கப்பட்டனர். போர்த்துக்கீசியர் 1599இல் கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம், இவ்விருவர் பெயரால் விளங்கிய கோவில்களின் பெயரை அனைத்துப் புனிதர் கோவில் என மாற்ற ஆணையிட்டது.

1653ஆம் ஆண்டின் கூனன் குருசு உறுதிமொழிக்குப் பின் இச்சமூகம் பிளவுபட்டது. 1665இல் மார் கிரகோரியோஸ் வந்தபின் ஒரு பிரிவினர் படிப்படியாக மேற்குச் சிரிய மரபுக்கு மாறினர். உரோமையோடு இணைந்திருந்த சீரோ மலபார் பிரிவினர் கிழக்குச் சிரிய மரபைத் தொடர்ந்தனர். அவர்களுடைய குர்பானாவில் 1962ஆம் ஆண்டு மலையாளம் நடைமுறைக்கு வந்தது. பாடுவதன் பொருள் அனைவருக்கும் விளங்கியது. ஆனால் தலைமுறைகளாகக் காதில் ஒலித்த சிரியாக் சொற்கள் அன்றாட வழிபாட்டிலிருந்து விலகத் தொடங்கின.

கன்னியாகுமரி மாவட்டத்தில்

தக்கலைக்கு அருகிலுள்ள திருவிதாங்கோடு, திருவிதாங்கூர் நாட்டுக்குப் பெயர் தந்த ஊராகும். இங்குள்ள அரப்பள்ளி எனப்படும் மரியாள் ஆலயத்தை, புனித தோமா முதல் நூற்றாண்டில் நிறுவியதாக மரபு கூறுகிறது. இது இன்று மலங்கரா ஆர்த்தடாக்ஸ் சிரியன் திருச்சபையைச் சேர்ந்தது. சீரோ மலபார் திருச்சபையின் தக்கலை மறைமாவட்டமும், சீரோ மலங்கரா திருச்சபையின் மார்த்தாண்டம் மறைமாவட்டமும் 1996ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டன.

எனவே இம்மன்றாட்டின் இரு வடிவங்களும் இம்மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அருகருகே வழங்குகின்றன. கிழக்கு மரபின் "அலாகா" மேற்கு மரபில் "ஆலோகோ" ஆகிறது. "கந்தீசா" என்பது "கதீசாத்" என்று ஒலிக்கிறது. அந்தியோக்கியாவில் சேர்க்கப்பட்ட தொடர் திருவிதாங்கோட்டிலும் மார்த்தாண்டத்திலும் உண்டு. தக்கலை மறைமாவட்டத்தின் மரபில் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் ஒரு வழக்கு, சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆலயங்களுக்கிடையே இன்றும் வேறுபாடாக நிலைத்திருக்கிறது. இலத்தீன் மரபைச் சேர்ந்த கத்தோலிக்கரும் இதனைப் புனித வெள்ளி வழிபாட்டிலும், இறை இரக்கச் செபமாலையின் முடிவிலும் அறிவர்.

ராக் வடிவம்

இந்தியன் ஓஷன் குழு 1990ஆம் ஆண்டில் சுஷ்மித் சென், அசீம் சக்ரவர்த்தி ஆகியோரால் தொடங்கப்பட்டது. கந்தீசா தொகுப்பை டைம்ஸ் மியூசிக் நிறுவனம் வெளியிட்டது. அப்போது சுஷ்மித் சென் கித்தாரும், அசீம் சக்ரவர்த்தி தபேலாவும், ராகுல் ராம் பேஸ் கித்தாரும், அமித் கிலம் டிரம்ஸும் இசைத்தனர்.

தொகுப்பில் ஏழு பாடல்கள் உள்ளன. நருமதை ஆற்றைப் போற்றும் "மா ரேவா" ஒரு நாட்டார் பாடல் ஆகும். ராகுல் ராம் நருமதை பாதுகாப்பு இயக்கத்தில் பங்கேற்றவர். "இல்லே ரே" என்ற பாடல் கவிஞர் கோரக் பாண்டேயின் வரிகளைக் கொண்டது. ஆற்றங்கரைப் பாட்டு, போராட்டப் பாட்டு ஆகியவற்றோடு வழிபாட்டுப் பாட்டும் ஒரே தட்டில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

அசீம் சக்ரவர்த்தி 2009 திசம்பர் 25 அன்று காலமானார். சுஷ்மித் சென் 2013இல் குழுவை விட்டு விலகினார். இக்குழுவைப் பற்றி செய்தீப் வர்மா இயக்கிய "லீவிங் ஹோம்" என்ற ஆவணப்படம் 2010இல் திரையரங்குகளில் வெளியானது. அதன் பெயர் இதே தொகுப்பிலுள்ள மற்றொரு பாடலின் பெயராகும்.

நிலைத்த ஈர்ப்பு

இப்பாடலின் ஈர்ப்புக்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, அதன் சுருக்கம். சில சொற்களே திரும்பத் திரும்ப வருவதால், மொழி அறியாதவரும் விரைவில் சேர்ந்து பாட இயலும். இரண்டாவது, அதன் நெடில் ஒலிகள். "கந்தீசா", "அலாகா" ஆகிய சொற்களில் உள்ள ஆகாரமும் ஈகாரமும் குரலை நீட்டிப் பாட இடமளிக்கின்றன. மூன்றாவது, அதன் வளர்ச்சி. அமைதியாகத் தொடங்கும் பாடல், குரல்களும் தாளமும் சேரச்சேரப் படிப்படியாக உயர்கிறது. கூட்டாகச் செய்யும் மன்றாட்டுக்கும் ராக் அரங்குக்கும் பொதுவான இயல்பு இது.

இயேசு பேசிய மொழியில் அமைந்தது என்பதால், இப்பாடலை ஈராயிரம் ஆண்டு பழமையானது எனச் சிலர் கூறுவதுண்டு. இயேசு பேசியது அரமேயம் என்பது உண்மை. ஆயினும் சிரியாக் என்பது எதெசா நகரை மையமாகக் கொண்டு வளர்ந்த பிற்கால இலக்கிய வடிவமாகும். மன்றாட்டுக்குக் கிடைக்கும் சான்றும் ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததே. அவ்வாறு கணக்கிட்டாலும், அதன் சொற்கள் ஏறத்தாழ 1,500 ஆண்டுகளாகப் பாடப்பட்டு வருகின்றன.