ஒரு பதிவேடு, ஒரு மருந்துச்சீட்டு: லக்னோ தவாயஃப்களின் கதை

1/ இன்னைக்கு மருந்து மாத்திரை கிடையாது, கொஞ்சம் வரலாறு. ஆனா இந்தக் கதையிலயும் ஒரு ஆஸ்பத்திரி வரும், டாக்டர்களும் வருவாங்க. எங்க தொழிலுக்குப் பெருமை சேர்க்கிற கதைன்னு நினைச்சுடாதீங்க.

2/ 1857 கலகத்தை அடக்கிய பிறகு பிரிட்டிஷார் லக்னோவில் வரி வசூலிக்க ஆரம்பித்தார்கள். 1858 முதல் 1877 வரையிலான அந்த வரிப் பதிவேடுகளில் அதிக வருமானம் உள்ளவர்கள் பிரிவில் யார் இருந்தாங்க தெரியுமா? "ஆடல் பாடல் பெண்கள்" என்று எழுதப்பட்டவர்கள். சொந்தமாக வீடும் தோப்பும் வைத்திருந்த பெண்கள்.

3/ இவங்கதான் தவாயஃப்கள். இந்துஸ்தானி இசை, கதக், உருதுக் கவிதை எல்லாம் சிறு வயதிலிருந்து கற்றவர்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளை நல்ல பேச்சும் சபை நாகரிகமும் பழக இவர்களிடம் அனுப்பினார்கள். சொத்து பெண் வழியில் போகும். பெண் குழந்தை பிறந்தால் கொண்டாட்டம். அந்தக் காலத்தில் இது எவ்வளவு அபூர்வம்!

4/ அதுக்காக எல்லாம் பொற்காலம்னு சொல்ல வரல. நவாபுகளோடும் பிரபுக்களோடும் உறவு என்பது இந்த வாழ்க்கையின் ஒரு பகுதி. விலைக்கு வாங்கி வரப்பட்ட சிறுமிகளும் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய அடையாளம் கலைதான்.

5/ 1856-ல் அவத் ராஜ்ஜியத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்குப் போனார், ஆதரித்த கை போனது. அடுத்த வருடக் கலகத்தில் கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவியதாகச் சொல்லி, பல தவாயஃப்களின் சொத்துகளையும் அரசு பறிமுதல் செய்தது.

6/ இப்போ ஆஸ்பத்திரிக்கு வருவோம். கன்டோன்மென்ட்களில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு மேகநோய் பெரிய தலைவலி. தீர்வு என்ன? 1864-ல் கன்டோன்மென்ட் சட்டம், 1868-ல் தொற்றுநோய்ச் சட்டம். பெண்கள் பெயரைப் பதிய வேண்டும், சீட்டு வாங்க வேண்டும், குறித்த நாளில் உடல் பரிசோதனைக்கு வர வேண்டும். நோய் என்றால் 'லாக் ஹாஸ்பிடல்' என்ற இடத்தில் அடைப்பு. சட்டம் கட்டாயப்படுத்தியது பெண்ணை மட்டும்தான், சிப்பாயை இல்லை.

7/ ஒரு டாக்டரா எனக்கு உறுத்துறது இதுதான். 1868-ல் அந்த மருத்துவர்கள் எதைப் பார்த்து முடிவு செய்தார்கள்? கொனோரியா கிருமியை நைசர் கண்டுபிடித்தது 1879-ல். சிபிலிஸ் கிருமி தெரிந்தது 1905-ல். ரத்தப் பரிசோதனை 1906-ல். சிபிலிஸின் முதல் புண் வலிக்காது. கர்ப்பப்பை வாயில் வந்தால் லேசில் தெரியவும் தெரியாது. சிகிச்சைன்னு கொடுத்தது பாதரசம். பென்சிலின் வர 1943 ஆச்சு.

8/ அதாவது கண்டுபிடிக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. ஆனா முத்திரை குத்த மட்டும் முடிந்தது. கஜல் பாடுபவர், கதக் ஆடுபவர், கன்டோன்மென்ட் பக்கம் வயிற்றுப் பிழைப்புக்கு நின்ற ஏழைப் பெண், எல்லோரும் அதிகாரிகள் பார்வையில் ஒரே ரகம் ஆனார்கள்.

9/ 1888-ல் அந்தத் தொற்றுநோய்ச் சட்டம் போச்சு. முத்திரை போகல. 1890-களில் 'நாட்ச்' எதிர்ப்பு இயக்கம் வந்தபோது, படித்த வீடுகள் தங்கள் விசேஷங்களில் இந்தப் பெண்களைக் கூப்பிடுவதே கேவலம் என்றாகிவிட்டது.

10/ ஆனாலும் குரலை அடைக்க முடியலையே! 1902-ல் இந்தியாவில் கிராமபோன் பதிவு தொடங்கியபோது முதலில் பாட முன்வந்தவர்களில் ஒருவர் கல்கத்தாவின் கௌஹர் ஜான். அந்த வீடுகளுக்குப் போனால் மானம் போகும் என்ற குடும்பங்களும் இசைத்தட்டு வாங்கி வீட்டுக்குள் கேட்டன.

11/ கடைசியா ஒருத்தர். அக்தரி பாய் ஃபைசாபாதி. பேரில் 'பாய்' இருந்தாலே எந்த மரபில் வந்தவர் என்று ஊருக்குத் தெரியும். 1945-ல் லக்னோ பாரிஸ்டர் ஒருவரை மணந்தார். குடும்பப் பெண் பாடக்கூடாது, பாட்டு நின்றது. அம்மாவும் இறந்துபோக, உடம்பும் மனசும் படுத்துவிட்டது.

12/ மருத்துவர்கள் சொன்ன மருந்து: திரும்பப் பாட விடுங்கள். 1949-ல் லக்னோ வானொலி நிலையத்துக்குப் போய்ப் பாடினார். இந்த நாடு அவரை பேகம் அக்தர் என்று அறியும். 1974-ல் சாகும் வரை பாடினார்.

13/ எண்பது வருட இடைவெளியில் ரெண்டு தரப்பு டாக்டர்கள். ஒருத்தர் பெண்ணைப் பார்க்கும் முன்பே அவளை என்னன்னு எழுதுறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. இன்னொருத்தர் அவளுக்கு என்ன வேணும்னு பார்த்தாங்க.

14/ கேஸ் ஷீட்டில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. இந்தக் கதை படிச்சதிலிருந்து அதை நானா நிரப்புறதில்லை, எதிரில் இருப்பவரைக் கேட்டுத்தான் எழுதுறேன். நம்ம ஊர் தேவதாசி வரலாறு தனி இழை கேட்கும், இன்னொரு நாள் பேசுவோம்.