காசல்ரீ ஏரிக்கரையில் யார் விருந்தினர்?

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட், பொகவந்தலாவை நோக்கிச் செல்லும் பாதையில் காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் படாமல் போகாது. வளைந்து நெளிந்து மலையடிவாரங்களுக்குள் புகுந்து கிடக்கும் அந்த நீர்ப்பரப்பின் கரைகளில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஆங்கிலேயத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் நிற்கின்றன. அவற்றுள் சில இன்று இலங்கையின் மிக விலை உயர்ந்த விருந்தினர் விடுதிகள். வெளிநாட்டிலிருந்து வருவோர் வராந்தாவில் அமர்ந்து, காலத்தால் அழியாத காட்சி என்று அந்த ஏரியைப் படம் பிடித்துச் செல்கிறார்கள்.

ஆனால் நண்பர்களே, அந்த ஏரி காலத்தால் மிக இளையது. கெசல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ அணை கட்டி முடிக்கப்பட்டது 1965 ஆம் ஆண்டில்தான். அணைக்கு எதிரே குன்றின் மேல் நிற்கும் வார்லி தேவாலயம் 1878 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கரையோரப் பங்களாக்களில் பழையவை துரைமார் கட்டியபோது அவற்றின் முன்னால் ஏரி இருக்கவில்லை. பள்ளத்தாக்கும் ஓர் ஆறும் மட்டுமே இருந்தன. பங்களா நீரைத் தேடிப் போகவில்லை. நீர்தான் பங்களாவின் வாசலுக்கு ஏறி வந்தது.

ஏன் வந்தது என்பதும் நாம் அறிய வேண்டிய வரலாறே. இலங்கையின் நீர் மின்சாரத் தந்தை எனப் போற்றப்படும் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று 1918 இலேயே எழுதிக் காட்டினார். அவரது கனவின் முதற்கட்டமான லக்சபான மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் காசல்ரீ நீரைக் கொண்டு 50 மெகாவாட் திறனுள்ள மின் நிலையம் ஒன்று 1965 இல் எழுந்தது. அதற்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது. 1969 இல் மஸ்கெலி ஓயாவின் குறுக்கே மவுசாகலை நீர்த்தேக்கம் உருவானபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. வறட்சி மிகும் காலங்களில் நீர்மட்டம் தாழ, மூழ்கிய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டுவதைக் காண இன்றும் மக்கள் திரள்கிறார்கள்.

இந்த நீர் தந்த மின்சாரம் கம்பிகளில் ஏறித் தலைநகருக்குச் சென்றது. அணையைப் பார்த்தபடி நின்ற லயங்கள் பலவற்றில் அதற்குப் பிறகும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. ஏரிக்கரை அழகைப் பற்றி எழுதும்போது இந்த விளக்கையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி விருந்தினரைப் பற்றிப் பேசலாம். பொகவந்தலாவைக்கு வந்து திரும்பிச் செல்லாத விருந்தினர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கமரூன். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் ஆகியோரை அவர் எடுத்த உருவப்படங்கள் புகைப்படக் கலையின் வரலாற்றில் இடம்பெற்றவை. எழுத்தாளர் வேர்ஜீனியா வூல்பின் தாயார் இவருடைய சகோதரியின் மகள். 1875 இல் கணவருடனும் உடைமைகளுடனும் இலங்கைக்குக் குடியேறினார். அவர்கள் கப்பலேறியபோது தங்களுக்கான சவப்பெட்டிகளையும் உடன் கொண்டுவந்தார்கள் என்று ஒரு செய்தி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1879 ஜனவரி 26 அன்று டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அவர் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டு அவருடைய கணவரும் அங்கேயே வந்து சேர்ந்தார்.

அந்தக் கணவர் யார் என்பதில்தான் வரலாற்று மாணவனின் கவனம் நிற்க வேண்டும். அவர் சார்ள்ஸ் ஹே கமரூன். பாடசாலையில் நாம் அனைவரும் மனனம் செய்த கோல்புரூக் - கமரூன் ஆணைக்குழுவின் இரண்டாம் பெயருக்கு உரியவர். அந்தச் சீர்திருத்தங்கள் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறையை ஒழித்தன. அரச ஏகபோகங்களை அகற்றித் தனியார் முதலீட்டுக்கு வழிதிறந்தன. அந்த வழியாகவே கோப்பித் தோட்டங்கள் மலைகளில் ஏறின. கோப்பிக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே மடிந்தனர். சட்டத்தை எழுதியவரே பின்னாளில் டிக்கோயாவிலும் திம்புள்ளையிலும் கோப்பிக் காணிகளுக்கு உரிமையாளராக இருந்தார். 1869 இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அந்தக் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது.

தன் இறுதி ஆண்டுகளில் திருமதி கமரூன் இலங்கை மக்கள் சிலரையும் படம் பிடித்தார். அவற்றில் எஞ்சியவை மிகச் சிலவே. இங்கிலாந்தில் அவர் பிடித்த முகங்கள் பலவற்றுக்குப் பெயர் உண்டு. இங்கு பிடித்த முகங்களில் பெரும்பாலானவை பெயரின்றியே நிற்கின்றன.

அக்காலத்தில் தோட்டப் பகுதிகளில் ஹோட்டல் என்பது அரிது. ரயில் 1884 இல்தான் ஹட்டனை எட்டியது. ஆகவே பயணம் செய்யும் வெள்ளையருக்குத் துரை பங்களாவே விடுதி. அறிமுகக் கடிதம் ஒன்று இருந்தால் போதும். குளிர்காயக் கணப்பு, வெந்நீர், படுக்கை, இரவு விருந்து எல்லாம் கிடைக்கும். சமையலறையில் அப்பு இருந்தார். தோட்டத்தில் மாலி இருந்தார். துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்த விருந்தோம்பல் பெருமையோடு பேசப்படுகிறது.

அதே தோட்டத்தில் இன்னொரு வகை விருந்தினர் இருந்தார். லயத்தில் வாழும் தொழிலாளியைக் காண வரும் உறவினரும் நண்பரும்தான் அவர்கள். துரையின் அனுமதியின்றி அந்நியர் தோட்டத்துக்குள் நுழைவது அத்துமீறல். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்து பத்திரிகையாளராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய கோ. நடேசய்யர், தொழிலாளரின் நிலையை நேரில் அறியப் புடைவை வியாபாரி வேடம் பூண்டே தோட்டங்களுக்குள் புகுந்தார். 1931 இல் ஹட்டனைக் களமாகக் கொண்டு அவர் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். என் தொழிலின் மூத்த முன்னோடி ஒருவர் செய்தி திரட்டத் துணி மூட்டை சுமக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். தொண்ணூறுகளில் ஒரு முறை செய்திக்காகச் சென்ற என்னையும் ஒரு தோட்டத்தின் வாயிலில் காவலாளி மறித்து, யாரைப் பார்க்க, யாரிடம் கேட்டு வந்தாய் என்று விசாரித்தார். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம். கேள்வி மட்டும் 60 ஆண்டுகளாக மாறவில்லை.

தோட்டத்து வாயிலில் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியை 1948 இல் ஒரு நாடே கேட்டது. அவ்வாண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. வந்தவர்கள், தங்கியவர்கள், போக வேண்டியவர்கள் என்பதே அதன் பொருள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டது. அவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். கெசல்கமு ஓயாவில் அணை எழுந்துகொண்டிருந்த காலத்தில்தான், அதன் கரையில் பிறந்தவர்கள் யார் பங்கில் சேர்வது என்று புது தில்லியில் முடிவாயிற்று. பின்னர் ஹட்டன் ரயில் நிலையத்தில் எழுந்த ஓலத்தை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

1975 இல் பெருந்தோட்டங்கள் தேசியமயமாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2005 இல், டில்மா தேயிலையின் நிறுவனர் மெரில் ஜே. பெர்னாண்டோவின் குடும்ப நிறுவனம் இப்பள்ளத்தாக்கின் பழைய பங்களாக்களைச் சீர்செய்து 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் விருந்தினருக்குத் திறந்தது. காசல்ரீ, சமர்வில், நோர்வூட், டின்சின் என்பன முதலில் வந்தவை. டன்கெல்ட் பின்னர் சேர்ந்தது. பொகவந்தலாவையில் உள்ள டின்சின் பங்களா 1888 ஆம் ஆண்டுக்குரியது. ரிலே அன்ட் ஷாட்டோ என்னும் உலகப் புகழ்பெற்ற விடுதிக் கூட்டமைப்பில் இலங்கையிலிருந்து முதலில் இடம்பெற்றது இதுவே.

இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2003 இல் லயத்து மனிதர் கடைசியாகக் குடிமகனாகிறார். 2005 இல் பங்களா உலகத்துக்குத் திறக்கிறது.

இவ்விடுதிகளில் தங்குவோர் பெறும் அனுபவம் உயர்தரமானது என்பதில் ஐயமில்லை. விடிகாலையில் படுக்கைக்கே தேநீர் வரும். உணவு வேளைக்கு முன் சமையற்காரர் விருந்தினரின் விருப்பம் கேட்பார். தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டி, வாட்டுதல், அரைத்தல், நொதித்தல், உலர்த்தல், தரம் பிரித்தல் என ஒவ்வொன்றையும் விளக்குவார்கள். ஓர் இரவுக்கு பல நூறு அமெரிக்க டொலர் கட்டணம். தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாவதற்கு 2021 மார்ச் வரை போராட வேண்டியிருந்தது என்பதையும் வாசகர் நினைவிற் கொள்க.

நான் இவ்விடுதிகளை வெறுப்பவன் அல்லன். இடிந்துபோகவிருந்த கட்டடங்கள் பல இதனால் காப்பாற்றப்பட்டன. கொழுந்துக் கூடையைத் தவிர வேறு வழியில்லை என்றிருந்த பிள்ளைகளுக்கு வேறு வேலைகளும் கிட்டின. சில ஆண்டுகளுக்கு முன் கனடாவிலிருந்து வந்த நண்பர் குடும்பத்தோடு அப்பகுதியின் பங்களா ஒன்றில் மாலைத் தேநீர் அருந்தினேன். பரிமாறிய இளைஞர் ஆங்கிலத்தில் ஏரியைப் பற்றி அழகாகச் சொன்னார். நான் தமிழில் ஊர் எது என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அந்தா தெரியுது பாருங்க சேர், அந்தத் தகரக் கூரை, அதுதான் எங்க லயம்" என்றார். விருந்தினருக்குக் காட்டும் காட்சிகளின் பட்டியலில் அந்தக் கூரை இல்லை. நண்பரின் மகள் தன் கமெராவை ஏரியிலிருந்து அந்தப் பக்கம் திருப்பினாள்.

கொழும்பில் கடலோரம் நிற்கும் கோல்பேஸ் ஹோட்டல் 1864 இல் தொடங்கியது. அங்கு தங்கிய புகழ்பெற்றோரின் பெயர்கள் பளிங்கில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே 1942 இல் பணியில் சேர்ந்த கேரளத்தவரான சாத்து குட்டன், 2014 இல் தமது 94 ஆவது வயதில் மறையும்வரை வாயிற்காவலராக வரவேற்றார். பிரபுக்களின் பெயரோடு அவர் பெயரும் உலகறிந்தது. ஆனால் அவர் ஒரு விதிவிலக்கு. கதவைத் திறந்தவர், துணி துவைத்தவர், கொழுந்து பறித்தவர் ஆகியோரின் பெயர்களைப் பொறிக்கப் பளிங்கு கிடைப்பதில்லை.

ஆயினும் தோட்டத்திலும் ஒரு பெயர்ப் புத்தகம் உண்டு. செக்ரோல் எனப்படும் பேரேடுதான் அது. யார் வேலைக்கு வந்தார், எத்தனை இறாத்தல் எடுத்தார், எவ்வளவு பிடித்தம் என்று நாள்தோறும் எழுதப்பட்டது. விருந்தினர் புத்தகங்களை விடுதிகள் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பாதுகாக்கும். பழைய பேரேடுகளோ கரையானுக்கு இரையாகக்கூடியவை. அவற்றைத் தேடிப் பாதுகாப்பதே மலையக வரலாற்றுக்கு நாம் செய்யக்கூடிய முதல் தொண்டு. அவற்றில் தம் பாட்டியின் பெயரைக் காண விரும்பும் பேரப்பிள்ளைகள் சென்னையிலும் கூடலூரிலும் டொரண்டோவிலும் இருக்கிறார்கள்.

2023 இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்களின் வழித்தோன்றல்கள் நடந்தார்கள். அவர்கள் கேட்டவற்றுள் காணியும் வீடும் முக்கியமானவை. குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்ற திட்டம் 2015 க்குப் பின் தொடங்கியும் பெரும்பாலோரை எட்டவில்லை. லயத்து வீடுகள் பலவற்றுக்குச் சொந்த முகவரி கிடையாது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வரும். ஏரிக்கரைப் பங்களாவில் மூன்று இரவு தங்குபவருக்குக்கூடத் தங்கும் உரிமையைக் காட்ட ஒரு பற்றுச்சீட்டு இருக்கிறது. ஐந்து தலைமுறையாகத் தங்கியவருக்கு அது இல்லை. உறுதிப்பத்திரம் கையில் வரும்வரை, அந்த ஏரிக்கரையில் சட்டப்படி விருந்தினராக இருப்பவர் யார் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.