காகிதப்பூ

உயிரில்லாத கவிதையைக் காகிதப்பூ என்று சொல்லி ஒதுக்குவது நம் விமர்சனத்தில் பழகிப்போன வசவு. மணக்காது, வாடாது, ஆகவே பொய் என்பது இதன் தர்க்கம். வயதானவர்கள் வீட்டில் உட்கார்ந்து கையால் ஏதாவது செய்துகொண்டிருந்தால் அதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம்: பொழுதுபோக்கு. இந்த இரண்டு வார்த்தைகளையும் ஒருங்கே வாங்கிக்கொள்ளத் தக்கவர் என்று தோன்றக்கூடிய ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 72 வயதில் காகிதத்தில் பூ வெட்ட ஆரம்பித்த மேரி டெலனி. அவர் செய்ததைக் கவனித்துப் பார்த்தால் இரண்டு வார்த்தைகளும் நம் சோம்பலைத்தான் காட்டுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

1700-ல் பிறந்தவர். பெரிய இடத்து உறவு உண்டு, கையில் பணம் இல்லை. பதினேழு வயதில், அறுபதை ஒட்டிய பெண்டார்வஸ் என்ற கார்ன்வால் கனவானுக்கு மணம் செய்துவைத்தார்கள். ஏற்பாடு தந்தையின் சகோதரருடையது. பெண்ணின் சம்மதம் ஒரு பொருட்டாக இல்லை. இருபத்தைந்தாம் வயது வாக்கில் விதவையானார். எதிர்பார்த்த சொத்து வரவில்லை. அதன் பிறகு நெடுங்காலம் தனியே இருந்து, 1743-ல், குடும்பத்துக்கு இஷ்டமில்லாமல், ஸ்விஃப்டின் நண்பரான பாட்ரிக் டெலனி என்ற ஐரிஷ் பாதிரியாரை மணந்தார். டப்ளினுக்கு அருகே டெல்வில் என்ற வீட்டில் இருபத்தைந்து வருஷம். தோட்டம் போட்டார், சுவரிலும் கூரையிலும் கிளிஞ்சல் பதித்தார், துணியில் பூவேலை செய்தார், படங்களைப் பார்த்து வரைந்தார், தங்கைக்கு ஓயாமல் கடிதம் எழுதினார். 1768-ல் கணவர் இறந்தார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு. சரித்திர ஆசிரியன் ஒரு பெண்ணின் கதையை முடித்துக்கொள்ளச் சௌகரியமான இடம் இது.

அவருக்கு நெருங்கிய சிநேகிதி போர்ட்லண்ட் சீமாட்டி மார்கரெட். அவரும் விதவை, பெரும் பணக்காரர். பல்ஸ்ட்ரோட் என்ற அவருடைய மாளிகையில் வருஷத்தில் பாதியைக் கழிப்பது டெலனியின் வழக்கமாயிற்று. அது வெறும் மாளிகை அல்ல. கிளிஞ்சல், பூச்சி, செடி, கல் என்று உலகத்துப் பண்டமெல்லாம் வந்து குவிந்த இடம். சீமாட்டியின் குருவான லைட்ஃபுட் ஒரு தாவரவியல்காரர். காப்டன் குக்கின் கப்பலில் போய்த் திரும்பிய பாங்க்ஸும் ஸோலாண்டரும் 1771-ல் அங்கே வந்து போனார்கள். அதற்கு முன்பே, 1769-ல், இங்கிலாந்துத் தாவரங்களைப் பற்றி ஹட்ஸன் லத்தீனில் எழுதிய நூலைத் தமக்காக ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதி வைத்திருந்தார் டெலனி. துக்கம் தீராத வருஷங்களில் செய்த வேலை இது. துக்கத்தை மறக்கச் செய்தது என்று சொல்லிவிடுவது சுலபம். மறக்க விரும்புகிறவர் எவரும் லின்னேயஸின் வகுப்புமுறையைத் தேடிப் போவதில்லை.

1772-ல் ஆரம்பித்தார். மேஜைமேல் கிடந்த சிவப்புக் காகிதத்தின் நிறமும் பக்கத்திலிருந்த ஜெரேனியப் பூவின் நிறமும் ஒன்றாக இருந்தது கண்ணில் பட்டதாம். காகிதத்தை இதழாக வெட்டி வைத்தாராம். உள்ளே வந்த சீமாட்டி நிஜப் பூவைக் கிழித்துப் போட்டிருப்பதாக நினைத்துவிட்டாராம். வழிவழியாக வந்த கதை. நிச்சயமான விஷயம், பூக்களைப் போலச் செய்ய ஒரு புதுவழி கண்டுபிடித்திருப்பதாக அந்த அக்டோபரில் தங்கை மகளுக்கு அவர் எழுதிய கடிதம்.

வழி இதுதான். ஒரு தாளைக் கறுப்பு வர்ணத்தால் முழுக்க மூடிக்கொள்வது. உயிருள்ள செடியை எதிரே வைத்துக்கொள்வது. முன்கூட்டி வரையாமல், கண் பார்க்கக் கை வெட்டுவது. இதழுக்கு ஒரு துண்டு போதாது. நிழல் விழும் இடத்துக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, விளிம்பின் வெளுப்புக்கு ஒன்று. மயிரிழை அகலத்தில் கேசரங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, தேவைப்பட்ட இடத்தில் நீர்வர்ணத்தால் தொட்டுவிடுவது. 1777-ல் செய்த ஒரு பாஸன் பூவில், பூவுக்கு மட்டும் இருநூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள்.

கறுப்பு தற்செயல் அல்ல. 1740-ஐ ஒட்டி அவர் அரண்மனைக்கு உடுத்திப் போன பாவாடை கறுப்புப் பட்டு. அதன்மேல் அசல் செடிகளைப் போலவே நூலில் தைத்த பூக்கள். அதன் பகுதிகள் இன்னும் இருக்கின்றன. நாற்பது வயதில் நூலால் செய்ததை எழுபத்திரண்டில் காகிதத்தால் செய்தார். இடைப்பட்ட முப்பது வருஷத்தில் கிளிஞ்சலைத் தரம் பிரித்ததும், தோட்டத்தில் நிறம் பார்த்து நட்டதும், கடிதத்தில் ஒரு அறையை, ஒரு உடையைத் தையல் தையலாக விவரித்ததும் என்னவென்று கேட்க வேண்டும். வீட்டு வேலைகள் என்றுதான் பதில் கிடைக்கும். ஒரு ஓவியனின் முப்பது வருஷப் பயிற்சியை நாம் அப்படிச் சொல்வோமா? முதுமையில் திடீரென்று பூத்த மேதைமை என்று இவரைக் கொண்டாடுகிறவர்களும் அந்த முப்பது வருஷத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அலட்சியம் செய்கிறவர்களுக்கும் இவர்களுக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

ஒவ்வொரு பூவோடும் விவரம் குறித்து வைத்தார்: லத்தீன் பெயர், லின்னேயஸ் கணக்கில் வகுப்பு, வழக்குப் பெயர், செடி யாரிடமிருந்து வந்தது, எந்த இடத்தில் எந்தத் தேதியில் முடிந்தது. பேரேடு எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்தப் பதிவுகளின் ஒழுங்கு தனியாகப் படுகிறது. லின்னேயஸின் முறைக்கு ஆதாரமே கேசரங்களையும் சூல்தண்டுகளையும் எண்ணுவது. ஆகவே கேசரம் ஒன்று குறைந்தால் அழகு குறைவதில்லை; பூவே வேறு வகுப்புக்குப் போய்விடும். ஒரு செடியைத் தாவரவியல் முறைப்படி விவரிக்க நம்பக்கூடிய படங்கள் இவை மட்டுமே என்று பாங்க்ஸ் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. காகிதப்பூ பொய் என்கிற நம் தர்க்கம் இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது. மணம் இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் எண்ணிக்கை தப்பவில்லை.

பத்து வருஷத்தில் 985 பூக்கள். சராசரி நான்கு நாளைக்கு ஒன்று. இதைச் சாத்தியமாக்கியவை எவை என்பதையும் சொல்லியாக வேண்டும். சமைக்க, துணி வெளுக்க, கணப்பு மூட்ட வேறு கைகள் இருந்தன. அந்தக் கைகள் எதுவும் எதையும் ஒட்டி வைத்துவிட்டுப் போகவில்லை. செடிகள் க்யூவிலிருந்து ராஜாவும் ராணியும் அனுப்பியவை வரை வந்தன. அதே நாட்டில் அதே வயதில் கந்தலை ஒட்டிப் போர்வை தைத்த ஒரு கிழவியின் கண்ணும் இதே கூர்மையோடு இருந்திருக்கலாம். போர்வை தேய்ந்து போயிருக்கும். இந்தப் பூக்கள் தப்பியதற்குக் கலை மட்டும் காரணம் இல்லை. குடும்பத்தில் கைமாறி, அவர் கடிதங்களை 1861-62-ல் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட லானோவர் சீமாட்டியிடம் வந்து, அவர் மூலம் 1897-ல் பிரிட்டிஷ் மியூஸியம் போய்ச் சேர்ந்தன. சரித்திரம் என்று நாம் படிப்பது பெரும்பாலும் பெட்டி வைத்திருந்தவர்களின் சரித்திரம்.

இன்னொரு ஆசையையும் தவிர்க்க வேண்டும். பிக்காஸோவும் பிராக்கும் 1912-ல் காகிதத்தை ஒட்டினார்கள், மாத்தீஸ் தம் முதுமையில் கத்தரிக்கோலை எடுத்தார், ஆகவே டெலனி இவர்களுக்கெல்லாம் முன்னோடி என்று ஒரு பட்டம். இது மரியாதை போலத் தெரிகிற அவமரியாதை. 1912-ன் ஒட்டுப்படத்தில் செய்தித்தாள் செய்தித்தாளாகவே நிற்கும். ஓவியத்தின் மாயையை உடைப்பதற்காக அது அங்கே இருக்கிறது. டெலனியிடம் காகிதம் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் செடியாகிவிடுகிறது. நோக்கம் நேர் எதிர். நவீனத்துக்குள் இழுத்துக்கொண்டால்தான் ஒன்றுக்கு மதிப்பு என்கிற புத்தி நம்மிடம் இருக்கும்வரை, வீட்டு மேஜையில் நடந்த எதையும் அதன் நியாயத்தில் பார்க்க மாட்டோம்.

சீமாட்டி 1785-ல் இறந்தார். அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கிளிஞ்சல்களும் கற்களும் 1786-ல் ஏலத்துக்கு வந்தன. 38 நாள் ஏலம். நாலாயிரத்துக்கு மேற்பட்ட உருப்படிகள். இங்கிலாந்தின் மிகப் பெரிய தனியார் சேகரிப்புகளில் ஒன்று திசைக்கொன்றாகச் சிதறிற்று. அதே வீட்டில் அதே வருஷங்களில், எதையும் சேர்க்காமல் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவரின் பத்துத் தொகுதிகள் ஒன்றாகவே நிற்கின்றன. சேர்ப்பதற்கும் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட அப்பட்டமாகச் சரித்திரம் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. படித்ததையெல்லாம் சேர்த்துக்கொண்டே போகிற நம் போன்றவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆயிரம் செய்ய நினைத்திருந்தார். 1782-ல் பார்வை மங்கியது, நிறுத்திவிட்டார். அதன்பின் ஆறு வருஷம் இருந்தார். ராஜா விண்ட்ஸரில் வீடும் வருஷத்துக்கு 300 பவுனும் கொடுத்தார், இளம் நாவலாசிரியை ஃபானி பர்னி பழகினார், கடிதங்கள் தொடர்ந்தன. பதினைந்து பூக்களை உத்தேசமாக வெட்டி எண்ணிக்கையை நிரப்பியிருக்கலாம். கைக்குப் பழக்கம் போதுமானது, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கண் எண்ண முடியாததைக் கை வெட்டவில்லை. 1788-ல் இறந்தார். தொகை 985-லேயே நிற்கிறது. பொழுதைப் போக்குகிறவர் இப்படி நிறுத்துவதில்லை.