தொக்கமும் பயமும்

மதுரைப் பக்கம் வயசுப்பிள்ளை ஒன்று வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை என்றால், வீட்டில் முதலில் எழும் பேச்சு, "தொக்கம் விழுந்திருக்கும், எடுத்துட்டு வந்துருவோம்" என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தின்றது உள்ளே எங்கோ சிக்கிக்கொண்டது, அதை எடுத்துவிட்டால் பசி திரும்பிவிடும் என்பது நம்பிக்கை. அதற்கும் கேட்கவில்லையென்றால், "யாரோ மருந்து வச்சிட்டாங்க." அப்புறம் வயிற்று டாக்டர், ஸ்கேன், எண்டோஸ்கோபி. எல்லாமே நார்மல். மனநல ஆலோசகரிடம் அந்தப் பிள்ளை வந்து சேர்ந்தால், அது இத்தனைக்கும் பிறகுதான்.

அங்கே பாடப்புத்தகத்தின் கேள்வி காத்திருக்கும். "குண்டாயிருவோம்னு பயமா இருக்காம்மா?"

"அதெல்லாம் இல்ல. சாப்பாடு இறங்க மாட்டேங்குது. நெஞ்சுலயே நிக்குது."

பயம் இல்லையென்றால் உண்ணுதல் கோளாறும் இல்லை என்று ஆலோசகர் முடிவுகட்டிவிட வாய்ப்பு உண்டு. மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ள ஒன்று அனோரெக்சியா நெர்வோசா. அதைத் தவறவிட்டால் விலை பெரிது. ஆகவே, அந்தப் பயம் எப்போது நோயின் இலக்கணத்துக்குள் நுழைந்தது என்று பார்ப்பது வெறும் வரலாற்று ஆர்வம் இல்லை.

1873இல் பாரிஸில் சார்ல்ஸ் லசேக் இந்த நோயை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கிட்டத்தட்ட அதே சமயத்தில் லண்டனில் வில்லியம் கல் இதைப் பற்றிப் பேசினார். ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்ற பெயர் 1874இல் அச்சேறியது. லசேக் பார்த்த பெண்கள் சாப்பிட்டதும் வயிற்றில் ஏதோ சங்கடம் என்றார்கள், அதனாலேயே சாப்பாட்டைக் குறைத்தார்கள். குண்டாகிவிடுவோம் என்ற பயத்தை இருவருமே நோயின் மையத்தில் வைக்கவில்லை. நம்மூர்ப் பிள்ளையின் "நெஞ்சுலயே நிக்குது" லசேக்குக்குப் பழகிய பேச்சாக இருந்திருக்கும்.

பயம் வந்து சேர ஏறக்குறைய நூறு வருஷம் ஆனது. 1960களில் ஹில்டே புரூக், இந்த நோயாளிகள் தங்கள் உடலைக் காணும் விதமே மாறிப்போயிருப்பதை முன்னிறுத்தினார். 1970இல் ஜெரால்டு ரஸ்ஸல் பருமன் பயத்தை அடையாளமாக வைத்தார். அள்ளித் தின்று பிறகு வெளியேற்றும் புலிமியா நெர்வோசாவுக்கு 1979இல் பெயர் கொடுத்தவரும் அவரே. 1980இல் அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்மின் மூன்றாம் பதிப்பில் அந்தப் பயம் ஒரு விதியாகவே அமர்ந்துவிட்டது.

விதி ஆசியாவுக்கு வந்தபோது உரசத் தொடங்கியது. ஹாங்காங்கில் சிங் லீ தன் குழுவோடு 70 நோயாளிகளை ஆராய்ந்து 1993இல் எழுதினார். அவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பேரிடம் பருமன் பயமே இல்லை. வயிறு உப்புசம், பசியில்லை என்றே சொன்னார்கள். உடம்பு மட்டும் அதே ஆபத்தில் இருந்தது. வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் மேலைநாட்டுக் கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்த கிங், புக்ரா இருவரும் 1989இல் வேறொரு சிக்கலைக் காட்டினார்கள்: சில கேள்விகளுக்கு வந்த பதில் நோயைவிட ஊர்ப் பழக்கத்தையே காட்டியது.

அது இங்கே இன்னும் பொருந்தும். சோழன் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார் போய்க் கூடவே அமர்ந்த கதை நமக்குத் தெரியும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றத்தில் 57 நாள் உண்ணாமல் உயிர்விட்ட சமண ஆசிரியரின் கல்வெட்டு நிற்கிறது. உண்ணாமைக்கு நம்மிடம் நோன்பு, விரதம், பத்தியம், பட்டினி என்று எத்தனையோ சொற்கள். நோய்க்கென்று பேச்சுவழக்கில் ஒன்றும் இல்லை.

சென்னையில் ஸ்ரீனிவாசன் குழு 1990களில் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்தது. 14.8 சதவீதம் பேரிடம் சாப்பாட்டைச் சுற்றிய மன அவதி இருந்தது. ஆனால் அது புத்தக இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. தனிப் பெயர் வைத்து, தனிக் கேள்வித்தாளையும் உருவாக்க வேண்டியிருந்தது. வேலூரிலிருந்து 2007இல் வந்த ஆய்வில், உண்ணுதல் கோளாறு என்று கண்டறியப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோரின் பிரச்சினை மனக்காரணத்தால் வரும் வாந்தி. இங்கே துயரம் வயிற்றின் வழியாகவே பேசுகிறது.

2013இல் டிஎஸ்எம்மின் ஐந்தாம் பதிப்பு கொஞ்சம் இறங்கிவந்தது. பயத்தை வாயால் சொல்லாவிட்டாலும், எடை கூடவிடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்தால் போதும் என்றது. மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற விதியையும் எடுத்துவிட்டது.

ஆக, ஆலோசகர் கேட்க வேண்டியது நடத்தையை. "முன்னாடி எத்தனை இட்லி, இப்ப எத்தனை? யார்கூட உக்காந்து சாப்பிடுற? வாந்தி தானா வருதா, நீயா எடுக்குறியா? குளிருதா, தலை சுத்துதா?" பயத்தையும் கேட்கலாம். ரீல்ஸ் பார்க்கும் தலைமுறையில் அது உள்ளவர்களும் உண்டு. ஜிம்முக்குப் போகும் பையன்களும் உண்டு. ‘இல்லை’ என்ற பதிலோடு நிறுத்திவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சிகிச்சைக்கும் வரலாறு கைகொடுக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ், ஆரோக்கியமான 36 ஆண்களை அரைப் பட்டினி போட்டு ஆராய்ந்தார். மனநோய் எதுவும் இல்லாத அவர்கள் எரிந்து விழுந்தார்கள், சோர்ந்தார்கள், சமையல் புத்தகங்களை விடாமல் படித்தார்கள். பட்டினியே மனதைக் கோணலாக்கும். அதனால் பேச்சுக்கு முன்னால் உடம்பு. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் பார்த்தாக வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தாலும் உயிருக்கு ஆபத்து. இது ஆலோசகர் தனியாகச் செய்கிற வேலை இல்லை, பக்கத்தில் ஒரு மருத்துவர் வேண்டும்.

நோயாளியைக் கவனிக்க உறவினர்களைப் போல மோசமானவர்கள் இல்லை என்று கல் கருதினார். லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனை அதைத் தலைகீழாக்கியது. நோய் தொடங்கி மூன்று வருஷம் ஆகாத இளம் பிள்ளைகளுக்குக் குடும்பத்தைச் சேர்த்துச் செய்யும் சிகிச்சை கூடுதலாக உதவுகிறது என்று ரஸ்ஸல் குழு 1987இல் காட்டியது. பெற்றோர் குற்றவாளிகள் அல்ல, பிள்ளையை மறுபடி சாப்பிட வைக்கும் பொறுப்பாளிகள்.

மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992இலிருந்து மனநலப் பணி செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடித் தீயில் சங்கிலியோடு 28 பேர் கருகியபோது, நாடே மனநோயைப் பற்றிப் பேசியது. அந்தப் பேச்சு கட்டிவைக்கப்பட்டவர்களைப் பற்றியது, அது நியாயமும்கூட. தட்டில் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துபோகும் பிள்ளை யார் கண்ணிலும் படவில்லை. தொக்கம் எடுக்கக் கூட்டிப்போன அம்மாவும் அப்பாவும் இன்று ஆலோசகரின் அறைக்கு வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை உள்ளே கூப்பிட வேண்டும். சிகிச்சையின் பாதி அவர்கள் கையில் இருக்கிறது.