சங்கின் உடலும் சங்கு வாணிபமும்

கோயில்களில் பாலொத்த வெண்மையோடு விளங்கும் சங்கை மட்டுமே கண்டறிந்தவர்கள், தூத்துக்குடிக் கடலின் மணற்பரப்பிலிருந்து பரதவர் முக்குளித்து எடுத்துவரும் சங்கைப் பார்த்தால் சற்றே ஏமாற்றம் அடைவர். உயிரோடிருக்கையில் அதன் ஓடு முழுவதும் பழுப்பு நிறமான தடித்த தோலொன்றால் போர்த்தப்பட்டிருக்கும். எலும்பென்பதே இல்லாத அந்தப் பிராணி, தசைத்திரளான ஒற்றைப் பாதத்தால் மெல்ல ஊர்ந்து, மணலில் வாழும் புழுக்களைத் தேடி உண்கிறது. பகை நெருங்கினால் உடலனைத்தையும் உள்ளிழுத்துக்கொண்டு, பாதத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் மூடியினால் வாயிலை அடைத்துவிடுகிறது. உடலைச் சூழ்ந்துள்ள மெல்லிய சதைப்படலமே சுண்ணாம்பைச் சுரந்து, நடுத்தண்டொன்றைச் சுற்றிச் சுருள் சுருளாக ஓட்டை வளர்க்கிறது.

அவ்வோட்டின் கனத்தை நம்பியே ஒரு கைத்தொழில் நெடுங்காலம் வாழ்ந்தது. வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் சங்கறுப்பதை அகநானூறு கூறுகிறது. கொற்கை மண்ணில் அறுபட்ட சங்குத் துண்டுகள் கிடைத்துள்ளன. பிற்காலத்தில் அறுக்கும் தொழில் வங்காளத்தில் நிலைபெற, தெற்கே எடுக்கப்பட்ட சங்குகள் கப்பலேறி டாக்காவின் சங்காரிகளிடம் சென்றன. அவர்கள் பிறை வடிவான கனத்த வாளால் அறுத்தெடுத்த வளையங்களே வங்கத்துச் சுமங்கலிகளின் கைகளை அலங்கரித்தன. இலாபம் கண்ட டச்சுக்காரரும், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியாரும், சங்குக் குளியலைத் தம் ஏகபோக உரிமையாக்கிக் கொண்டதில் வியப்பில்லை. ஓட்டுக்கு இத்தனை மதிப்பென்றால், அதனைக் கட்டிய ஜீவனுக்கோ மதிப்பு மிகக் குறைவு: மூழ்குவோர் உண்டது போக எஞ்சிய சதை கிடங்குகளில் அழுகிக் கழியும்படி விடப்பட்டது, அந்தத் துர்நாற்றத்தைப் பற்றி வணிகர் எவரும் பெருமையாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

சுருள் மாறிப் பிறக்கும் வலம்புரியோ, உடற்கூற்றில் நேர்ந்த ஒரு பிறழ்வு மட்டுமே. அதன் அருமையே அதற்குத் தெய்வத்தன்மையையும் பெருவிலையையும் தேடித் தந்தது.

சங்கின் வாழ்க்கையைப் பொறுமையாக ஆராய்ந்து 1914-இல் நூலாக வெளியிட்டவர், சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெல். பெண் சங்கு, ஆட்டுக்கொம்பு போல் முறுக்கிய நீண்ட முட்டைக்கூட்டை இட்டு, அதன் ஒரு முனையை மணலில் ஊன்றி நிறுத்துகிறது. குஞ்சுகள் கடலில் நீந்தித் திரியும் பருவமின்றி, சிறு சங்குகளாகவே அதிலிருந்து வெளிவருகின்றன. ஆகவே வெறுமையாகிப் போன சங்குத்திடலுக்குத் தொலைவிலிருந்து வித்து மிதந்து வந்து சேர்வதில்லை; குறிப்பிட்ட விட்டத்துக்குக் குறைந்த சங்குகளைக் கடலிலேயே திரும்ப விடவேண்டுமென்ற அரசாங்க விதிக்கு உயிரியல் தரும் நியாயம் இதுவே.