பாயின்ட் டூ டூ

1943 ஜூலை 12. சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸுக்கு அணிவகுப்பு மரியாதை தர இருபது பெண்கள் புடவையில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு லீ என்ஃபீல்டு .303 ரைஃபிள். முன்னால் நிற்பவர் டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். மெட்ராஸில் மருத்துவம் முடித்து 1940இல் இங்கே வந்து க்ளினிக் நடத்தியவர். ஜூலை 9ஆம் தேதி பாடாங் திடலில் போஸ் பெண்கள் படை வேண்டும் என்று பேசியிருந்தார். அதற்கும் இந்த மரியாதைக்கும் நடுவில் மூன்றே நாள். அதற்குள் ஆள் தேடி, ரைஃபிள் இரவல் வாங்கி, பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்து நின்றுவிட்டார்கள்.

இந்தச் சம்பவத்தைப் பற்றி எங்கே படித்தாலும் வீரம்தான் பேசப்படும். எனக்கு முதலில் மனசில் வந்தது எடை. லீ என்ஃபீல்டு சுமார் 4 கிலோ. அதை உடம்புக்கு முன்னால் செங்குத்தாகப் பிடித்து அசையாமல் நிற்பது என்றால், இரண்டாவது நிமிடத்திலேயே முழங்கை நடுங்கும். தேசிய சேவையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் தூக்கிய எஸ்ஏஆர் 21 அதைவிடக் குட்டை, புடவைத் தலைப்பும் எங்களுக்கு இல்லை.

அப்புறம் ஒரு கேள்வி வந்தது. இவர்களுக்கு யாராவது முதலில் சின்னத் துப்பாக்கி கொடுத்துப் பழக்கினார்களா?

கேள்வியைக் கிளப்பியவர் என் சித்தப்பா. தஞ்சாவூர்க்காரர், எண்பதுகளில் கல்லூரி என்சிசியில் இருந்தவர். நான் தெக்கோங்கில் முதல் முறை சுட்டபோது விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை மூடி, தோளைப் பின்னால் இழுத்துக்கொண்ட கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "எடுத்த எடுப்புலயே பெரிய துப்பாக்கியக் குடுத்தா அப்படித்தான்டா. எங்களுக்கு முதல்ல பாயின்ட் டூ டூதான் குடுத்தாங்க."

பாயின்ட் டூ டூ என்றால் .22, அதாவது அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு, 5.6 மில்லிமீட்டர் குண்டு. இதன் தோட்டாவில் வெடிக்கும் மருந்து அடித்தட்டின் நடுவில் இருக்காது, விளிம்பு மடிப்புக்குள் இருக்கும். ஊசி விளிம்பைத் தட்டினால் வெடிக்கும். 1845இல் பிரான்சின் ஃப்ளோபேர் வீட்டுக்குள் சுட்டு விளையாட ஒரு குட்டித் தோட்டா செய்தார், அதுதான் ஆரம்பம். 1857இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதை .22 ஷார்ட் ஆக்கியது. இன்றைக்கும் ஓடுகிற .22 லாங் ரைஃபிள் 1887இல் வந்தது. நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாக அளவு மாறாமல் உற்பத்தியாகும் பொருள்கள் என் துறையில் ரொம்பக் கம்மி.

ஒரு சின்னக் கணக்கு. .22 குண்டு 2.6 கிராம், நொடிக்குச் சுமார் 330 மீட்டர். .303 குண்டு 11 கிராமுக்கு மேல், நொடிக்குச் சுமார் 740 மீட்டர். ஆற்றலில் சின்னது பெரியதில் இருபதில் ஒரு பங்குகூட வராது. தோளில் வாங்கும் உதையோ, ஒரே எடையுள்ள துப்பாக்கியில் ரைஃபிள் பின்னால் வரும் வேகத்தை வைத்துப் பார்த்தால், பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். உதை இல்லாவிட்டால் பயம் இல்லை. பயம் இல்லாவிட்டால் தான் செய்த தப்பு தனக்கே தெரியும்.

இதைப் பிரிட்டிஷ்காரர்கள் அடி வாங்கித்தான் புரிந்துகொண்டார்கள். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், சீருடைகூட இல்லாத விவசாயிகள் தூரத்திலிருந்து குறி வைத்து அவர்களைத் திணறடித்தார்கள். ஊர் திரும்பிய லார்ட் ராபர்ட்ஸ், சாதாரண ஆண்களுக்கும் சுடத் தெரிய வேண்டும் என்று பிரச்சாரம் செய்தார். தொழிலாளர்களுக்கான ரைஃபிள் கிளப்புகளின் சங்கம் 1901இல் தொடங்கி, 1903இல் மினியேச்சர் ரைஃபிள் கிளப்புகளின் சங்கம் ஆனது. மினியேச்சர் என்றால் .22. பெரிய மைதானம் வேண்டாம், ஒரு கூடம் போதும். தோட்டாவும் மலிவு. 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே சின்ன ரைஃபிளுக்குப் போட்டி இருந்தது. ராணுவம் லீ என்ஃபீல்டையே .22 தோட்டாவுக்கு மாற்றிப் பயிற்சித் துப்பாக்கி ஆக்கியது. வெளியில் பார்த்தால் அதே உருவம், அதே எடை, உள்ளே மட்டும் குட்டிக் குண்டு. 1948இல் சட்டம் போட்டு என்சிசியை அமைத்த சுதந்திர இந்தியாவும் அந்த வகை ரைஃபிளைத்தான் மாணவர் கையில் கொடுத்தது. சித்தப்பா சுட்டது அதில் ஒன்று.

ஆனால் யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்பது எப்போதும் அரசியல்தான். சிங்கப்பூரில் தொண்டர் ரைஃபிள் படை 1854இலேயே வந்துவிட்டது, அந்த வருஷத்துச் சீனர் கலவரத்துக்குப் பிறகு. முதலில் ஐரோப்பியர்கள். 1901இல் யுரேஷியருக்கும் சீனருக்கும் தனித்தனிப் பிரிவுகள். 1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு சமயம், அலெக்ஸாண்ட்ரா முகாமில் இருந்த ஐந்தாம் லைட் இன்ஃபன்ட்ரியின் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். அடக்கிய பிறகு ஊட்ரம் சிறைக்கு வெளியே, கூட்டம் வேடிக்கை பார்க்க, 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்களில் தொண்டர் படையினரும் உண்டு. அதன்பின் இங்கிருந்த இந்தியர்கள் எல்லாரும் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. கலகம் செய்த படை வடக்கத்தி முஸ்லிம்கள் நிறைந்தது. சிராங்கூன் சாலையில் மாடு வைத்திருந்தவரும் மளிகை விற்றவரும் போய் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அதே வருஷம் பிரிட்டிஷ் ஆண்களுக்கு ராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்க ஒரு சட்டம். ஒரு சாராருக்கு ரைஃபிள், இன்னொரு சாராருக்குப் பதிவேடு.

அந்தச் சின்ன ரைஃபிள் அப்படி என்னதான் கற்றுக்கொடுக்கிறது? தேசிய சேவை முடிந்து சில வருஷம் கழித்து ஒரு கிளப்பில் .22 சுடப் போனேன். குண்டு நடுவில் விழ வேண்டும் என்று நான் பறந்தேன். பயிற்சியாளர் அதை முதல் இரண்டு வாரம் கண்டுகொள்ளவே இல்லை. "எங்க விழுதுங்கிறது அப்புறம். அஞ்சும் ஒரே இடத்துல விழுதா, அத மட்டும் பாரு."

இதைத்தான் குரூப்பிங் என்பார்கள், நான் கொத்து என்று சொல்லிக்கொள்கிறேன். ஐந்து குண்டும் இடது மேல் மூலையில் நெருக்கமாக விழுந்தால் பிரச்சினையே இல்லை, சைட்டைத் திருகினால் கொத்து அப்படியே நடுவுக்கு வந்துவிடும். ஐந்தும் ஐந்து திசையில் சிதறினால் எந்தத் திருகும் உதவாது. ஒரு குண்டு விழுந்ததும் சைட்டைத் திருகுவது புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. நானும் செய்தேன், தரவு எடுப்பதுதான் என் வேலையே என்ற வெட்கம்கூட இல்லாமல்.

கொத்து சேர முதலில் ரைஃபிள் உடம்புக்குப் பொருந்த வேண்டும். கட்டையின் பின்தட்டைத் தோளில் வைத்தால் கழுத்தை நீட்டாமல் கண் சைட்டுக்கு வர வேண்டும். நீளம் அதிகமானால் விரல் விசையை எட்டிப் பிடிக்கும், பக்கவாட்டில் இழுக்கும். குழாயைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகள் ஒவ்வொரு முறையும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும். மரக்கட்டை என்றால் நம்ம ஊர் ஈரப்பதத்துக்கு அது ஊதும், இறுக்கம் மாறும். தோட்டாவையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்து, இந்தக் குழாய்க்கு எது ஒத்துப்போகிறதோ அதையே வாங்க வேண்டும். விலை கூடியதுதான் ஒத்துப்போகும் என்று ஒன்றும் இல்லை.

அடுத்தது படுத்திருக்கும் விதம். குறி பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, மூச்சை விட்டு, உடம்பைத் தளர்த்தி, திரும்பக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். குறி நகர்ந்திருந்தால் இதுவரை அதைத் தசைதான் பிடித்து வைத்திருந்தது என்று அர்த்தம். கையால் தள்ளிச் சரி செய்யக் கூடாது. இடுப்பை நகர்த்தி மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். பிறகு பாதி மூச்சில் நிறுத்தி, எப்போது வெடிக்கும் என்று தனக்கே தெரியாத மெதுவில் விசையை அழுத்த வேண்டும். வெடித்த பிறகும் ஒரு நொடி அப்படியே இருக்க வேண்டும். .22 குண்டு மெதுவானது, குழாயை விட்டு வெளியேற அதிக நேரம் எடுக்கும். அதற்குள் தலையைத் தூக்கினால் அட்டையில் தெரிந்துவிடும்.

சைட்டைத் திருகுவது வெறும் முக்கோணக் கணக்கு. குண்டு 50 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் கிட்டத்தட்ட 12 செண்டிமீட்டர் கீழே இறங்கும், அதனால் குழாய் கொஞ்சம் மேலே பார்த்திருக்கும்படி சைட் அமைகிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே 80 செண்டிமீட்டர் என்று வையுங்கள். பின் சைட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்த்தினால் 50 மீட்டரில் 6 மில்லிமீட்டர் மாறும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட் போக வேண்டும், முன் சைட் என்றால் அதற்கு எதிர்ப்பக்கம். ஒலிம்பிக் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். லேசான பக்கக் காற்றே அதில் பாதியைத் தின்றுவிடும்.

1942க்கு வருகிறேன். பிப்ரவரி 17, பிரிட்டிஷார் சரணடைந்து இரண்டு நாள் கழித்து, ஃபேரர் பார்க்கில் சுமார் 40,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். சிராங்கூன் சாலையிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். அவர்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1943 அக்டோபர் 22இல் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணி படையின் முகாம் திறந்தது. தேக்காவிலிருந்து நடந்தால் பதினைந்து நிமிஷம். அங்கே வந்தவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். பால் வெட்டும் கத்தியைத் தவிர வேறு ஆயுதம் தொட்டிராதவர்கள்.

பிரிட்டிஷ் தொழிலாளிக்குக் கூடமும் குட்டித் துப்பாக்கியும் சாவகாசமான மாலைகளும் இருந்தன. இவர்களுக்குப் போர் அவசரம், கையில் ராணுவ ரைஃபிள். பயந்து கண்ணை மூடுகிற அந்த முதல் கட்டத்தை இந்தப் பெண்கள் பெரிய துப்பாக்கியிலேயே கடக்க வேண்டியிருந்தது. வீரம் என்று பொதுவாகச் சொல்லும்போது இந்தச் சிரமம் காணாமல் போகிறது என்பதுதான் என் குறை.

இன்றைக்குப் புக்கிட் தீமா பக்கம் ரைஃபிள் ரேஞ்ச் ரோடு என்ற பெயர் மிச்சம் இருக்கிறது. 2022 நவம்பரில் அங்கே திறந்தது இயற்கைப் பூங்கா. இந்த ஊரில் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றச்செயலில் சுட்டாலே மரண தண்டனை. இத்தனை கெடுபிடிக்குள்ளும் ஜாஸ்மின் செர் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்டில் மார்ட்டினா வெலோசோ 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் கோலாப்பூரின் தேஜஸ்வினி சாவந்தை முந்தித் தங்கம் எடுத்தார். இரண்டும் .22 ரைஃபிள். 2022 பர்மிங்ஹாம் போட்டியில் துப்பாக்கி சுடுதலே இல்லை.

போன வருஷம் ஊருக்குப் போனபோது சித்தப்பா பீரோவிலிருந்து ஒரு பழுத்த அட்டையை எடுத்துக் காட்டினார். 25 கஜத்தில் சுட்ட ஐந்து ஓட்டை. பழைய பெரிய ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் ஐந்தும் மறைந்தன. அந்தத் துப்பாக்கிக்கு அது பிரமாதமான கொத்து. ஆனால் மொத்தமும் நடுவிலிருந்து ஓர் அங்குலம் இடப்பக்கம் தள்ளி இருந்தது.

"சைட்ட சரி பண்ணலையா சித்தப்பா?"

"நூறு பையன் சுடற துப்பாக்கிடா அது. திருகறதுக்கு எங்க கையில யாரு குடுத்தா? ஒரு அங்குலம் வலப்பக்கமா குறி வச்சுக்கடான்னாரு ஹவில்தார். அடுத்த அட்டைல அப்படித்தான் வச்சேன்."

அந்த அடுத்த அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம்.